ஒரே நொடியில் இரண்டு பேர்

மார்ச் 2

அண்ணி,

உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் இதைப் பிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்திருப்பீர்கள். பிரித்ததற்கு நன்றி.

ஐந்து மாதமாக நான் வீட்டுக்குப் போன் செய்யும்போதெல்லாம் "இந்தாங்க, உங்க தங்கச்சி" என்று ரிசீவரை அண்ணனிடம் நீட்டிவிடுகிறீர்கள். கோபம் நியாயமானதுதான். இந்த வேலை கிடைத்ததை அண்ணனிடம் மட்டும் சொன்னேன். நீங்கள் எதிர்வீட்டுக்காரர் வாயால் கேட்டீர்கள். போகாதே என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் போயிருக்கமாட்டேன். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் சொல்லவில்லை. போனில் இதைச் சொல்ல ஆரம்பித்தால் நீங்கள் வைத்துவிடுவீர்கள். கடிதத்தை நடுவில் வைக்க முடியாது, மடிக்க மட்டும்தான் முடியும்.

இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. அதை இங்கே யாரிடமும் சொல்ல முடியவில்லை.

நாங்கள் ஆறு பேர் தகுதிகாண் காலத்தில் இருக்கிறோம். எங்கள் வாடிக்கையாளர் ஜாவா வெப் டெவலப்பர் சான்றிதழ் இருப்பவர்களைத்தான் தங்கள் வேலையில் உட்கார வைப்பார்களாம். மே 14 தேர்வு. ஒரே வாய்ப்பு. தேறாதவர்களைப் பற்றி மேனேஜர் மிக மெதுவாக, "அப்புறம் நாம வேற வழி பார்த்துக்கலாம்" என்றார். வேறு வழி என்று அவர் சொன்னபோது எல்லோரும் வாசல் கதவைப் பார்த்தோம்.

பழைய கம்பெனியில் மூன்று வருடம் இதே வேலை செய்தவளுக்கு என்ன பயம் என்று கேட்பீர்கள். செய்தேன், தெரிந்து செய்யவில்லை. ஒருவர் எழுதியதைப் பார்த்து இன்னொன்று எழுதினேன், அது ஓடியது, விட்டுவிட்டேன். இப்போது எண்ணூறு பக்கப் புத்தகம் ஒவ்வொரு பக்கத்திலும், "நீ இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தாய் தெரியுமா?" என்று கேட்கிறது. மாதிரித் தேர்வில் நூற்றுக்கு நாற்பத்தொன்று. என் பக்கத்து மேசைக் கண்ணாடிக்காரர் எண்பத்திரண்டு வாங்கிவிட்டு எல்லோருக்கும் ஆறுதல் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

அங்கே இருந்தபோது உங்கள் மருத்துவமனை லேபுக்காக, வார்டில் கணினியில் பார்க்கிற மாதிரி நான் எழுதிக்கொடுத்த ரிசல்ட் பக்கம் இன்னும் ஓடுகிறதா? ஓடுகிறது என்று ஒரு வரி எழுதினால் ஒரு வாரம் தைரியமாகப் படிப்பேன்.

உங்கள் கோபத்துக்கு உரியவள்

•

மார்ச் 10

ஊமைக்கோட்டானுக்கு,

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. பதில் போடாமல் இருந்தால் உன் அண்ணன் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் மூஞ்சியைத் தொங்கப் போடுகிறார். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சாப்பிட முடியவில்லை.

நான் போகாதே என்று சொல்லியிருப்பேன் என்று யார் சொன்னது? போடி போ என்று பெட்டியை நானே கட்டிக்கொடுத்திருப்பேன். அந்தச் சந்தோஷத்தை எனக்குக் கொடுக்காமல் போனாயே, அதுதான் கோபம். ஏழு வருடம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு எதிர்வீட்டுக்காரர் என்னிடம் வந்து, "உங்க நாத்தனாருக்கு வெளியூர்ல வேலையாமே?" என்கிறார். நானும் தெரிந்த மாதிரி பல்லைக் காட்டினேன். அன்று முழுக்கத் தாடை வலித்தது.

உன் பக்கம் ஓடுகிறது. நன்றாகவே ஓடுகிறது. நீ எழுதிக்கொடுத்தபோது ஒரு வார்டுதான், ஆறே மாதத்தில் நாலு வார்டுக்கும் திறந்துவிட்டார்கள், இதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை போலிருக்கிறது. லேபில் நாங்கள் முடிவைக் கணினியில் ஏற்றிய மறுநிமிடம் மேலே நர்சு பார்த்துவிடுகிறாள். காகிதத்தைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறும் வேலை எனக்கு மிச்சம். முட்டிவலி பாதி குறைந்திருக்கிறது. அந்தப் புண்ணியம் உனக்கு.

போன வாரம் ஒரு கூத்து. இரண்டாம் வார்டில் நெட்டை நர்சு என்று ஒருத்தி இருக்கிறாள், நீ பார்த்திருப்பாய், கதவு நிலையில் தலை இடிக்கும். ஒரு நோயாளிக்குச் சர்க்கரை 384 என்று திரையில் பார்த்ததாக டாக்டருக்குப் போனில் சொல்லியிருக்கிறாள். அவர் இன்சுலின் போடச் சொல்லியிருக்கிறார். இவள் மருந்தை எடுத்துக்கொண்டு போனால் அந்த ஆள் சிரித்துப் பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சந்தேகப்பட்டுத் திரும்ப வந்து மறுபடி அமுக்கிப் பார்த்தால் 92. டாக்டர் குதித்துவிட்டார். "எண்ணைப் படிக்கத் தெரியாதா? நான் ஒரு உயிரைக் கொன்னிருப்பேனே!" என்று வார்டே கேட்கக் கத்தினாராம். மெமோ கொடுத்துவிட்டார்கள். அவளோ, 384தான் பார்த்தேன் என்று சாதிக்கிறாள். தூக்கக் கலக்கம் என்று லேபில் எல்லோரும் சிரித்தோம். பாவம்தான்.

நீ படி. நாற்பத்தொன்று ஒன்றும் குறைச்சல் இல்லை, கணக்கில் நான் அதற்கும் கீழே.

அண்ணி

•

மார்ச் 19

அண்ணி,

இதை அண்ணன் இல்லாதபோது படியுங்கள்.

அந்த நர்சு 384தான் பார்த்தார். அவர் கண்ணில் பிழை இல்லை. பிழை என்னிடம் இருக்கிறது.

உங்கள் கடிதம் வந்த அன்று மூன்றாம் அத்தியாயத்தில் இருந்தேன். நாங்கள் எழுதும் சர்வ்லெட் என்ற நிரலைப் பற்றியது. பக்கத்தைக் கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் தேடிக் கொடுப்பது அதுதான். எத்தனை பேர் கேட்டாலும் அதில் ஒன்றே ஒன்றுதான் உருவாகும், எல்லோருக்கும் அந்த ஒன்றுதான் பதில் சொல்லும் என்று புத்தகத்தில் இருந்தது. இரண்டு வரிதான். தேர்வில் கட்டாயம் வரும் என்று ஓரத்தில் நட்சத்திரம் போட்டிருந்தேன். நட்சத்திரம் போட்ட பிறகுதான் படித்தது உறைத்தது.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். ஒரு ஜன்னலில் ஒரே ஒரு ஆள் இருக்கிறார். அவரிடம் ஒரே ஒரு பலகை. நீங்கள் போய் நோயாளி எண்ணைச் சொல்கிறீர்கள், அவர் ஒரு சீட்டின் தலையில் நோயாளி பெயரை எழுதிவிட்டு, எண்ணைப் பலகையில் எழுதிக்கொண்டு உள்ளே தேடப் போகிறார். அவர் அலமாரியை எட்டுவதற்குள் இன்னொருவர் வந்து வேறு எண் சொல்கிறார், அதே பலகையில் முதல் எண் அழிந்து இரண்டாவது எண் ஏறுகிறது. அவர் பலகையைப் பார்த்து எடுத்துவந்து உங்களிடம் கொடுக்கிறார். மேலே உங்கள் நோயாளியின் பெயர், கீழே வேறொருவருடைய இரத்தம்.

வருகிற ஒவ்வொருவருக்கும் தனிப் பலகை கொடுத்திருக்க வேண்டும். நான் ஒரே பலகையை மாட்டிவிட்டு வந்திருக்கிறேன். ஒரு வார்டு மட்டும் பார்த்தவரை இரண்டு பேர் ஒரே நொடியில் அமுக்க வழியில்லை. நாலு வார்டு என்று எழுதியிருந்தீர்கள்.

அப்படி இருக்காது என்று எனக்கே நிரூபித்துக்கொள்வதற்காக அதே மாதிரி ஒன்றை இங்கே எழுதி, சாப்பாட்டு நேரத்தில் இரண்டு கணினியில் அமுக்கிப் பார்த்தேன். பத்துத் தடவை சரியாக வந்தது. பதினோராவது தடவை மாறியது. கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

அண்ணி, உடனே அந்தப் பக்கத்தை வார்டுகளில் யாரும் பார்க்காமல் செய்யுங்கள். பழையபடி காகிதம் அனுப்பச் சொல்லுங்கள். ஏதாவது காரணம் சொல்லுங்கள். என் பெயரை மட்டும் இப்போது சொல்லவேண்டாம். மே 14 வரை. இதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது, கேட்கிறேன்.

•

மார்ச் 27

உன் கடிதத்தை லேபின் பின்பக்கம் நின்றுகொண்டு படித்தேன். இரண்டாம் தடவை படிக்கும்போது உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் வேலை. பக்கம் மிக மெதுவாக வருகிறது, மேலிருந்து புகார் என்று லேப் பெரியவரிடம் பொய் சொன்னேன். "அப்படின்னா நிறுத்தும்மா, நமக்கெதுக்கு வம்பு" என்றார். நாலு வார்டுக்கும் காகிதம்தான் போகிறது. நான்தான் ஏறுகிறேன். அதனால் இனி நடக்காது, அதை நினைத்து நீ கலங்காதே.

அப்புறம் ரிஜிஸ்டரை எடுத்தேன். நெட்டை நர்சு மெமோ வாங்கிய அன்று காலை நாலாம் வார்டில் ஒருவருக்கு 384. எழுத்து என்னுடையது. அதன் மேலே விரலை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை.

உன் கண்ணுக்குத் தெரிவது மே 14. எனக்குத் தெரிவது வேறு. நாலு வார்டிலும் இந்தப் பக்கத்தைத் திறந்து பதினெட்டு மாதம் ஆகிறது. பதினெட்டு மாதத்தில் ஒரே ஒரு நர்சுதான் சந்தேகப்பட்டு மறுபடி அமுக்கினாள். அமுக்காதவர்கள் எத்தனை பேர்?

அவளுக்கு விசாரணை வைத்திருக்கிறார்கள், மே 6. இதற்கு முன்பே வேறொரு மெமோ இருக்கிறதாம். இந்த இரண்டாவதும் உறுதியானால் வேலை போய்விடும்.

நான் வாயைத் திறக்கவில்லை. நீ கேட்டாய் என்பதற்காக. எவ்வளவு நாள் என்று தெரியாது.

அண்ணி

•

ஏப்ரல் 6

அண்ணி,

அந்தப் பக்கத்தை என்னை எழுத வைத்த பழைய முதலாளிக்குப் போன் செய்தேன். தெருமுனைக் கடையில் நின்று பேசினேன். அவர் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ரெண்டு வருஷமா ஓடிக்கிட்டிருக்கும்மா. யாராச்சும் செத்தாங்களா?"

"தெரியலை சார். அதான் பயமா இருக்கு."

"தெரியலைன்னா இல்லைன்னு அர்த்தம். பரீட்சைக்குப் படிக்கிறவங்களுக்கு இப்படித்தான் எல்லா வியாதியும் தனக்கு இருக்கிற மாதிரித் தோணும். போய்ப் படி."

"ஒரே ஒரு வரிதான் சார். அதை நாலு வரி கீழே இறக்கினாப் போதும், சரியாயிடும்."

அப்போது அவர் குரல் மாறியது. "இங்க பாரு. நீ வாயைத் திறந்தா மொதல்ல என் ஆபீசுக்கு வருவாங்க. நான் யாரைக் கைகாட்டுவேன்? புரோகிராம் யார் எழுதினதோ அவங்களைத்தானே? உன் புது ஆபீஸ்லருந்து உன்னைப் பத்தி விசாரிச்சப்ப நல்லபடியாத்தான் சொன்னேன். அதை மாத்திச் சொல்ல எனக்கு ரெண்டு நிமிஷம்."

போனை வைத்த பிறகும் கடைக்காரர், "இன்னும் பேசணுமாம்மா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

படிக்கிறேன். படிக்க முடிகிறது என்பதுதான் எனக்கே பிடிக்கவில்லை. மதிப்பெண் அறுபத்தெட்டு, எழுபத்தைந்து என்று ஏறிக்கொண்டே போகிறது. செஷன், ஃபில்டர், ஜேஎஸ்பி என்று எந்த அத்தியாயத்தைத் திறந்தாலும் முதலில் நான் செய்த பக்கத்தில் இது சரியாக இருக்கிறதா என்றுதான் மனம் போகிறது. பயத்தில் படிப்பது மறக்காது போலிருக்கிறது. கண்ணாடிக்காரர், "எப்படி இவ்வளவு ஆழமா படிக்கிறீங்க?" என்று கேட்கிறார். நான் சிரிக்கிறேன். நீங்கள் எழுதிய தாடை வலி என்னவென்று தெரிந்தது.

மருத்துவமனைக்கு மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். முதல் கடிதத்தில் பழைய முதலாளியைக் குற்றம் சொல்லியிருந்தேன். இரண்டாவதில் நாலு வார்டுக்கும் திறந்துவிட்ட உங்கள் ஆட்களை. மூன்றாவதில் யார்மீதும் குற்றம் இல்லாத மாதிரி எழுதினேன், அதுதான் மூன்றிலும் கேவலமாக இருந்தது.

•

ஏப்ரல் 15

ஊமைக்கோட்டானுக்கு,

நேற்று கேன்டீனில் நெட்டை நர்சு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். புதுக் கண்ணாடி போட்டிருந்தாள்.

"அழகா இருக்கே" என்றேன்.

"அழகுக்கா போட்டேன்? கண் டாக்டர்கிட்ட போனேன்க்கா. எல்லாம் சரியா இருக்கு, எதுக்கு வந்தீங்கன்னார். நான்தான் அழுது ஒண்ணு எழுதி வாங்கிட்டு வந்தேன். விசாரணையில கண்ணாடி போட்டுட்டேன் இனிமே தப்பு வராதுன்னு சொல்லலாமில்ல?"

"அப்போ நீ பார்த்தது 384 இல்லையா?"

"எனக்குத் தெரியலக்கா" என்றாள். "மொதல்ல அடிச்சுச் சொன்னேன். இத்தனை பேர் இல்லைங்கறப்போ... இப்பல்லாம் ஒவ்வொரு ஊசிக்கும் மருந்துப் பேரை நாலு தரம் வாசிக்கிறேன். பக்கத்துப் பெட் ஆளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்றேன். சிரிக்கிறாங்க."

அவளுக்கு டீயில் சர்க்கரை போட்டுக் கலக்கிக் கொடுத்தேன். என் சேலையில் ரிஜிஸ்டர் மை கறை கூட இருந்தது. எனக்குத் தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்ல என்னால் முடியவில்லை. உன் அண்ணி என்பதால்.

நீ அவளிடமிருந்து அவள் கண்ணையே பிடுங்கிவிட்டாய். வாயை மூடிக்கொண்டு நானும்தான்.

மே 6 அன்று என்னைச் சாட்சியாக லேபிலிருந்து கூப்பிடுகிறார்கள். கேட்டால் சொல்லிவிடுவேன். நாத்தனாரைக் காட்டிக்கொடுத்தவள் என்று ஊர் பேசினால் பேசட்டும். ஆனால் நான் சொன்னால் லேப்காரி ஏதோ உளறுகிறாள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பலகை, ஜன்னல் எல்லாம் என் வாயில் நிற்காது. செய்தவள் சொன்னால்தான் நம்புவார்கள்.

மிரட்டுகிறேன் என்று நினைக்காதே. நினைத்தாலும் சரி.

அண்ணி

•

ஏப்ரல் 24

அண்ணி,

அனுப்பிவிட்டேன். நகல் இதனுடன் இருக்கிறது. மருத்துவமனைக் கண்காணிப்பாளர் பெயருக்கு, பதிவுத் தபாலில். என்ன தவறு, எந்த வரி, நான் எழுதினேன் என்று ஒரு பக்கம். சோதித்துப் பார்ப்பது எப்படி என்று இன்னொரு பக்கம். இரண்டு பேர் இரண்டு கணினியில் ஒன்றாக அமுக்க வேண்டும். பத்து, இருபது தடவை ஒன்றும் நடக்காது, அதைப் பார்த்து நிறுத்திவிட வேண்டாம் என்று அடிக்கோடிட்டிருக்கிறேன். அதுதான் எனக்குப் பெரிய பயம். நடக்காமலே போய்விட்டால் நானும் அந்த நர்சும் சேர்ந்தே பொய்யர்கள்.

தபாலில் போடும் முன் இங்கே மேனேஜரிடமும் ஒரு நகல் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். "பரீட்சைக்கு முன்னாடி எதுக்கு இதைக் கொண்டுவந்தீங்க?" என்றார். திட்டவில்லை. "பரீட்சையை எழுதுங்க, அப்புறம் பேசலாம்" என்று மட்டும் சொன்னார். அந்த அப்புறத்தில் என்ன இருக்கிறது என்று அவர் முகத்தில் தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை.

இன்று மாதிரித் தேர்வில் மறுபடி ஐம்பத்திரண்டுக்கு இறங்கிவிட்டேன். எழுத்துகள் வரிசையில் நிற்கவில்லை.

•

மே 7

என் பெண்ணே,

நேற்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கண்காணிப்பாளர் அறையில் இரண்டு கணினி போட்டிருந்தார்கள். உன் கடிதத்தை அவர் சத்தமாகப் படித்தார். டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உன் பழைய முதலாளியும் வந்திருந்தார், கழுத்தில் அடையாள அட்டை, வாயில் புன்சிரிப்பு. "சின்னப் பொண்ணு சார், பரீட்சை டென்ஷன்" என்றார்.

ஒரு கணினியில் நெட்டை நர்சு, இன்னொன்றில் நான். கண்காணிப்பாளர், "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றார். அமுக்கினோம். சரியாக வந்தது. மறுபடி. சரி. எட்டு தடவை சரி. முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினைந்து தடவை சரி. "போதும்னு நினைக்கிறேன்" என்று டாக்டர் எழுந்தார். நெட்டை நர்சு என்னைப் பார்க்கவே இல்லை, விரலை அந்தப் பொத்தான் மேலேயே வைத்திருந்தாள். "அடிக்கோடு போட்டிருக்கா சார், நிறுத்தாதீங்க" என்றேன்.

இருபத்திரண்டாவது தடவை அவள் திரையில், அவள் நோயாளி பெயருக்குக் கீழே, என் நோயாளியின் எண்.

அவள்தான் அந்த எண்ணை வாய்விட்டுப் படித்தாள். அப்புறம், "நீங்களும் படிங்க சார்" என்று டாக்டரைப் பார்த்துச் சொன்னாள். அவர் படித்தார். கண்காணிப்பாளர் படித்தார். உன் முதலாளியையும் படிக்க வைத்தாள். அவர் வாயில் அந்தச் சிரிப்பு அப்படியே காய்ந்துபோயிருந்தது.

மெமோவை ரத்து செய்துவிட்டார்கள். ஆனால் கேள். பதினெட்டு மாதத்தில் அந்தப் பக்கத்திலிருந்து அச்செடுத்து நோயாளிகளின் தாள்களில் கோத்த ஒவ்வொன்றையும் லேப் ரிஜிஸ்டரோடு ஒப்பிடச் சொல்லியிருக்கிறார் கண்காணிப்பாளர். ஆறாயிரத்துக்கு மேலே. நானும் அவளும் கேட்டு வாங்கிக்கொண்டோம். இன்று முதல் கட்டு பிரித்தோம். ஒவ்வொரு தாளைத் திருப்பும்போதும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

நீ பரீட்சையை எழுது. இதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அண்ணி

•

மே 15

அண்ணி,

தேறிவிட்டேன். எண்பத்தெட்டு.

ஜன்னல் இல்லாத அறை. கைப்பை, கடிகாரம் எல்லாம் வெளியே. தலைக்கு மேலே ஒரு கேமரா. எட்டாவது கேள்வியிலேயே அது வந்தது. பலர் ஒரே நேரத்தில் வரும்போது இவற்றில் எதெது பாதுகாப்பானது? விடை எனக்குத் தெரியும். என்னைவிட நன்றாக அதைத் தெரிந்தவர் அந்த அறையில் இல்லை. ஆனாலும் விரல் நகரவில்லை. மற்ற கேள்விகளையெல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் திரும்பி வந்து குறித்தேன். முடி என்ற பொத்தானை அமுக்கியபோது திரை சில நொடி வெள்ளையாக நின்றது. அந்த நொடிகளில் என் மதிப்பெண்ணைப் பற்றி நினைக்கவில்லை. நீங்கள் எத்தனையாவது தாளில் இருக்கிறீர்கள் என்று நினைத்தேன்.

ஆறு பேரில் நாலு பேர் தேறினோம். கண்ணாடிக்காரர் தேறவில்லை. அவருக்கு ஆறுதல் சொல்ல யாருக்கும் தெரியவில்லை, அது அவர் வேலையாகவே இருந்துவிட்டது.

மேனேஜர் கூப்பிட்டார். "வேலை உங்களுக்குத்தான். அடுத்த மாசத்துலருந்து இங்க யார் புரோகிராம் எழுதினாலும் ஓடவிடறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை வாசிக்கணும்" என்றார். எல்லோரும் கை கொடுத்தார்கள். என் கை சில்லென்று இருப்பதாக ஒருத்தி சொன்னாள்.

எத்தனை தாள் ஆயிற்று? ஒன்றும் கிடைக்கவில்லை என்றாலும் எழுதுங்கள். கிடைத்தால் உடனே எழுதுங்கள்.

•

மே 29

முடித்துவிட்டோம்.

பெயர் ஒருவருடையதும் எண் இன்னொருவருடையதுமாகப் பத்தொன்பது தாள். பதினெட்டில் ஆபத்து இல்லை. ஒருவருக்குத் தேவையில்லாமல் இரும்புச்சத்து மாத்திரை, ஒருவருக்கு மறுபடி ஒரு சோதனை, இப்படி. மீதி ஒன்றைச் சொல்கிறேன், உட்கார்ந்துகொள்.

பதினான்கு மாதம் முன்பு, மூன்றாம் வார்டு. அறுபது வயது அம்மா. வேறொருவரின் சர்க்கரை எண்ணுக்கு அவருக்கு இன்சுலின் போட்டிருக்கிறார்கள். நினைவு தப்பி இரண்டு நாள் தீவிரச் சிகிச்சையில் இருந்திருக்கிறார். பிழைத்துவிட்டார், வீட்டுக்குப் போய்விட்டார், உயிரோடு இருக்கிறார். அதை முதலில் நன்றாகப் படித்துக்கொள்.

தாளில் காரணம் என்று ஒரு வரி இருக்கிறது. "ஊசிக்குப் பின் உணவு கொடுக்கப்படவில்லை. கணவர் கண்டிக்கப்பட்டார்."

நெட்டை நர்சுக்கு அந்த ஆளை நினைவிருக்கிறது. நடைக்கூடத்தில் சாப்பாட்டுத் தூக்கைப் பிடித்துக்கொண்டு, "பத்து நிமிஷம்தான் லேட்டாச்சு, பத்து நிமிஷம்தான்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம். பதினான்கு மாதமாக அவர் அதை நம்பிக்கொண்டிருப்பார்.

கண்காணிப்பாளர் மருத்துவமனை சார்பில் கடிதம் அனுப்புவதாகச் சொன்னார். ஒரு வாரம் பொறுங்கள் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். விலாசம் கீழே இருக்கிறது. நம் வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம்.

போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

அண்ணி

•

ஜூன் 2

அண்ணி,

சனிக்கிழமை காலை வருகிறேன். அண்ணனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், இந்தத் தடவை எதிர்வீட்டுக்காரருக்குத் தெரிவதற்கு முன்னால்.

அந்த அம்மாவின் கணவரிடம் என்ன சொல்வது என்று உங்கள் கடிதம் வந்ததிலிருந்து எழுதிப் பார்க்கிறேன். பலகை, ஜன்னல் எதுவும் அங்கே உதவாது. "உங்க பத்து நிமிஷம் காரணமில்லைங்க" என்பதுவரைதான் வருகிறது. அதற்கு அவர் என்ன செய்வார் என்று தெரியவில்லை. அழலாம். கையை ஓங்கலாம். அந்த அம்மாவைக் கூப்பிட்டு, "இவதான்" என்று காட்டலாம். கதவைச் சாத்திக்கொள்ளலாம். ஒவ்வொன்றையும் நினைத்துப் பார்த்துவிட்டேன், எதற்கும் நான் தயாராக இல்லை.

நீங்கள் கூட வாருங்கள், ஆனால் உள்ளே வரவேண்டாம். தெருமுனையில் நில்லுங்கள். அழைப்பு மணியை நான்தான் அழுத்த வேண்டும். பாதி வழியில் நான் திரும்பி நடந்து வந்தால், எவ்வளவு கெஞ்சினாலும் வழிவிடாதீர்கள்.